இரும்புத் தாதுல பாஸ்பரஸ்: பெல்லெட்ல 0.061, வெளி லேப்ல 0.080, எதை நம்புறது?

#1 புதுகெமிஸ்ட்

எல்லாருக்கும் வணக்கம். தாது அனாலிசிஸ் லேப்ல சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. ஒரு சாம்பிள் மூணு நாளா என் தூக்கத்தைக் கெடுக்குது. நாங்க எக்ஸ்ஆர்எஃப்ல (எக்ஸ் கதிர் அடிச்சு, திரும்பி வர்ற கதிரை வச்சு எந்தத் தனிமம் எவ்வளவுன்னு பார்க்கிற மெஷின்) பிரஸ்டு பெல்லெட் போட்டுத்தான் பார்ப்போம், அதாவது பொடியை அழுத்தி வில்லை மாதிரி ஆக்கி அப்படியே மெஷின்ல வைக்கிறது. அதுல சதவீதக் கணக்குல இரும்பு 62.6, சிலிக்கா 4.4, அலுமினா 2.9, பாஸ்பரஸ் 0.061 வந்துச்சு. அதே பாட்டில்ல இருந்து பாதியை வெளி லேப்புக்கு அனுப்பினாங்க. அங்கே இரும்பு 62.0, சிலிக்கா 3.9, அலுமினா 2.2, பாஸ்பரஸ் 0.080. எரிப்பிழப்பு, அதாவது பொடியைச் சூடாக்கினா போற எடை, ரெண்டு பக்கமும் 4.7தான், அதுல சண்டை இல்லை.

இரும்புல 0.6 வித்தியாசத்தைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், ஆனா பாஸ்பரஸ்ல கால்வாசி காணோம்னா என்ன அர்த்தம்? பெல்லெட்டை மூணு தடவை புதுசா அழுத்திப் போட்டேன், 0.060, 0.062, 0.061ன்னு அச்சு மாதிரி அதேதான் வருது. மெஷின் ஆடலை. அப்போ வெளி லேப்தான் தப்பா?

#2 பழையபியூரெட்

தம்பி, மூணு தடவையும் ஒரே நம்பர் வந்தா மெஷின் நிலையா இருக்குன்னு அர்த்தம், நம்பர் சரின்னு அர்த்தம் இல்லை. தராசு முள்ளு பத்து கிராம் தள்ளி நின்னா நூறு தடவை நிறுத்தாலும் அதே பத்து கிராம்தான் தப்பு வரும்.

முதல்ல ஒண்ணு பண்ணுங்க. இரும்பை 1.4297ஆல பெருக்கி ஃபெரிக் ஆக்சைடா மாத்துங்க, பாஸ்பரஸை 2.291ஆல பெருக்கி பென்டாக்சைடா மாத்துங்க, மீதி ஆக்சைடு, எரிப்பிழப்பு எல்லாம் சேர்த்துக் கூட்டி ரெண்டு லேப்போட டோட்டலையும் இங்கே போடுங்க. பேப்பர்ல கூட்டல் போடாம எந்தத் தாது ரிப்போர்ட்டையும் நான் நம்பி கையெழுத்துப் போட்டது கிடையாது.

#3 புதுகெமிஸ்ட்

சார் போட்டுட்டேன். மாங்கனீஸ், டைட்டானியா, சுண்ணாம்பு, மக்னீசியா நாலும் சேர்ந்து ரெண்டு லேப்லயும் 0.36தான்.

எங்களோடது: 89.50 + 4.4 + 2.9 + 0.14 + 0.36 + 4.7 = 102.0
வெளி லேப்: 88.64 + 3.9 + 2.2 + 0.18 + 0.36 + 4.7 = 99.98

எங்க ரிப்போர்ட் ஃபார்ம்ல டோட்டல்னு ஒரு கட்டமே கிடையாது, அதனால இத்தனை நாளா யாரும் கூட்டிப் பார்க்கலை.

#4 கதிர்க்கோணம்

நான் பதினாலு வருஷமா எக்ஸ்ஆர்எஃப் மட்டும்தான் பார்க்கிறேன், அதனால இதை நானே சொல்லிடறேன். டோட்டல் நூறுகிட்ட நிக்கணும், 102 வந்த இடத்துலேயே விடை கிடைச்சாச்சு, குறை உங்க பெல்லெட்லதான். ஆனா ஏன்னு தெரிஞ்சுக்கணும், இல்லைன்னா அடுத்த சாம்பிள்லயும் இதே இடத்துல வந்து நிப்பீங்க.

அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ் இந்த மூணும் லேசான தனிமம். இதுங்க வெளிவிடுற எக்ஸ் கதிர் ரொம்பப் பலவீனமானது, இரும்பு ஆக்சைடு நடுவுல இருந்து வர்றப்போ சில மைக்ரான் ஆழத்துக்குக் கீழே இருந்து கிளம்பினா வெளியவே வராது, வழியிலேயே முழுங்கிடும். அதாவது பத்து கிராம் பொடியை அழுத்தி வச்சாலும் மெஷின் பார்க்கிறது மேல இருக்கிற ஒரு மெல்லிய தோலை மட்டும்தான். அந்தத் தோல்ல என்ன இருக்கோ அதுதான் ரிசல்ட். இப்போ தாதுல களிமண் இருந்தா அது மெத்துனு இருக்கும், மில்லுல அரைக்கிறப்போ மாவா ஆகி கெட்டியான இரும்புத் துகள் மேலெல்லாம் பூசிக்கும், அழுத்துறப்போ இன்னும் பரவும். மெஷினுக்கு முதல்ல தெரியறது அந்தப் பூச்சுதான், அதனாலதான் அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்தே ஏறியிருக்கு. ரெண்டும் ஒண்ணா ஏறினா களிமண்ணைச் சந்தேகப்படுங்க.

பாஸ்பரஸ் கதை இதுக்கு நேர் எதிர். நீங்க காலிப்ரேஷனுக்கு, அதாவது மெஷினுக்கு அளவு சொல்லிக்கொடுக்க வச்சிருக்கிற, நம்பர் ஏற்கனவே தெரிஞ்ச ஸ்டாண்டர்டு சாம்பிள்ல பாஸ்பரஸ் எந்தக் கனிமத்துல இருக்குன்னு யாராவது பார்த்தாங்களா? அது அபடைட்டா (கால்சியம் பாஸ்பேட் கனிமம்) தனித் துகளா இருந்தா, அந்தத் துகளுக்குள்ள இரும்பு கிடையாது, கதிர் சுலபமா வெளிய வந்துடும். உங்க சாம்பிள்ல பாஸ்பரஸ் இரும்புக் கனிமத்துக்குள்ளேயே கலந்து கிடந்தா, கிளம்பற இடத்துலேயே சுத்தி இரும்பு நின்னு கதிரை உறிஞ்சிடும். ஒரே அளவு பாஸ்பரஸ்தான், ஆனா சிக்னல் குறைவு. எவ்வளவு நைசா அரைச்சாலும் இது முழுசா போகாது, ஏன்னா பிரச்சினை துகளுக்கு உள்ளே இருக்கு.

உங்க ஸ்டாண்டர்டு எல்லாம் எந்த வகைத் தாதுன்னு சொல்லுங்க.

#5 புதுகெமிஸ்ட்

பாட்டில்ல எழுதியிருக்கிறதைப் பார்த்தேன் அண்ணா. ஸ்டாண்டர்டு ஆறும் ஹேமடைட், சிவப்பு இரும்பு ஆக்சைடு. எரிப்பிழப்பு எதுலயும் 1.5 தாண்டலை. இந்தச் சாம்பிள் மட்டும்தான் 4.7. பொடிகூட மத்ததெல்லாம் அரைச்சா செங்கல் நிறமா இருக்கும், இது லேசா மஞ்சள் கலந்த பழுப்பு, கையில பட்டா கழுவினாலும் லேசுல போகலை.

#6 செம்பாறை

அந்த மஞ்சளைப் பத்தி முதல் பதிவுலேயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம். நான் கெமிஸ்ட் இல்லை, பாறை பார்க்கிற ஆள். மஞ்சள் பழுப்பு, கையில ஒட்டுற பொடி, 4.7 எரிப்பிழப்பு, இது மூணும் சேர்ந்தா அது கோதைட்ங்கிற இரும்புக் கனிமம். ஹேமடைட்டுக்கு எரியறப்போ இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. கோதைட் தன் உடம்புக்குள்ளேயே தண்ணியைப் பூட்டி வச்சிருக்கு, சுத்தமான கோதைட்டை எரிச்சா 10.1 சதவீதம் எடை போகும்.

வெளி லேப் நம்பரை வச்சு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், இதை யாரும் வீட்டுல உட்கார்ந்தே போடலாம். அலுமினா 2.2 முழுக்க கயோலினைட் களிமண்ல இருந்து வந்ததுன்னு வச்சுக்கோங்க. கயோலினைட்ல அலுமினா 39.5 சதவீதம், அப்போ களிமண் சுமார் 5.6. அதுக்குள்ள இருக்கிற தண்ணி 14 சதவீதம்னா 0.8 போச்சு. எரிப்பிழப்புல மிச்சம் 3.9, அதை 10.1ஆல வகுத்தா கோதைட் கிட்டத்தட்ட 39 சதவீதம். கோதைட்ல இரும்பு 62.9, ஹேமடைட்ல 69.9, அந்தக் கணக்குல மீதி இரும்புக்கு ஹேமடைட் 54 வருது. களிமண் சாப்பிட்ட சிலிக்கா போக 1.3 குவார்ட்ஸா நிக்குது. கூட்டிப் பாருங்க, 54ம் 39ம் 5.6ம் 1.3ம், அதோட அந்தச் சில்லறை 0.36ம், நூறைத் தொட்டுட்டு நிக்குது. உண்மையில கோதைட்டுக்குள்ளயே கொஞ்சம் அலுமினியம் இரும்போட இடத்துல உட்கார்ந்திருக்கும், அதனால களிமண் இதைவிடக் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும், ஆனா படம் இதுதான்.

பாஸ்பரஸுக்கு வருவோம். மண்ணுக்குள்ள தண்ணி இறங்கி இறங்கி கோதைட் உருவாகிறப்போ அந்தத் தண்ணில இருக்கிற பாஸ்பேட்டைப் பிடிச்சு வச்சுக்கும். தனிக் கனிமமா கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்ல தேடினாலும் கிடைக்காது, கோதைட்டோட கோதைட்டா இருக்கும். அதனாலதான் இந்த மாதிரித் தாதுல பாஸ்பரஸை அரைச்சு, கழுவி, காந்தத்துல பிரிச்சு எடுக்கவும் முடியறதில்லை. கதிர்க்கோணம் சொன்னதோட அப்படியே பொருந்துது.

#7 ஊதுலை_ஷிஃப்ட்

நான் இந்த நம்பரை வாங்கிச் சாப்பிடற பக்கம் இருக்கிறவன். 0.02 என்ன பெரிய வித்தியாசம்னு சில பேர் நினைக்கலாம், அதனால எங்க பக்கத்துக் கணக்கைச் சொல்றேன்.

ஹாட் மெட்டல்ல, அதாவது ஊதுலையில இருந்து வர்ற உருகின இரும்புல, இரும்பு சுமார் 94 சதவீதம். 62 சதவீதத் தாதுல இருந்து ஒரு டன் எடுக்கணும்னா தாது மட்டும் ஒன்றரை டன் வேணும். ஊதுலைக்குள்ள பாஸ்பரஸுக்குப் போக்கிடமே கிடையாது, உள்ளே போனது கிட்டத்தட்ட மொத்தமும் இரும்போடதான் வெளிய வரும். கந்தகத்தையாவது ஸ்லாக்ல, அதாவது மேல மிதக்கிற உருகின கசட்டுல, கொஞ்சம் தள்ளலாம், பாஸ்பரஸை அங்கே ஒண்ணும் பண்ண முடியாது. அப்போ உங்க 0.061ஐ நம்பினா தாதுல இருந்து மட்டும் ஹாட் மெட்டல்ல 0.09 எதிர்பார்ப்பேன், வர்றது 0.12. அதுக்கு மேல கோக்ல இருந்து வர்றது தனி. அடுத்த ஷாப்ல அதைச் சுண்ணாம்பு போட்டு எடுக்கணும், சுண்ணாம்பு கூடினா ஸ்லாக் கூடும், ஸ்லாக்கோட இரும்பும் போகும், நேரமும் போகும். எடுக்காம விட்டா குளிர்ல உடையற ஸ்டீல்தான் கிடைக்கும்.

1856ல பெஸ்ஸெமர், உருகின இரும்புக்குள்ள காத்தை ஊதி ஸ்டீல் ஆக்கிற தன் முறையை அறிவிச்சப்போ லைசென்ஸ் வாங்கின பல பேருக்கு உடையற இரும்புதான் வந்துச்சு, காரணம் இதே பாஸ்பரஸ்தான். அவர் சோதிச்ச இரும்புல அது குறைவு, மத்தவங்களோடதுல அதிகம். அந்த உலையான கன்வெர்ட்டரோட உள் பூச்சு சிலிக்கா சார்ந்த அமிலப் பூச்சா இருந்ததால பாஸ்பரஸ் ஸ்லாக்குக்குப் போகலை. 1870களோட கடைசியில சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸும் அவரோட உறவுக்காரர் பெர்சி கில்கிறிஸ்டும் காரப் பூச்சு போட்டு அதைத் தீர்த்தாங்க, அதுக்கப்புறம்தான் ஐரோப்பால லொரேன் பக்கத்துப் பாஸ்பரஸ் நிறைஞ்ச தாதுக்கெல்லாம் மதிப்பு வந்துச்சு. அந்த ஸ்லாக்கை அரைச்சு வயலுக்கு உரமாவும் போட்டாங்க. பாஸ்பரஸ் நிறைஞ்ச தாதுவை இருபது வருஷத்துக்கு மேல பெஸ்ஸெமர் முறைக்கு வர விடாம தடுத்த தனிமம் இது, அதைக் கால்வாசி குறைச்சுச் சொல்றது சின்ன விஷயம் இல்லை.

அலுமினா 2.9க்கும் 2.2க்கும் வித்தியாசமும் எங்களுக்குப் பெருசு. அலுமினா ஏறினா ஸ்லாக் பாகு மாதிரி இறுகும், ஓடாது. 2.9ன்னு நம்பி நாங்க ஃப்ளக்ஸை (ஸ்லாக் இளகி ஓடறதுக்காகப் போடற சுண்ணாம்பு மாதிரிப் பொருள்) மாத்தியிருப்போம், தேவையே இல்லாம.

#8 வேகமுக்கியம்

எல்லாரும் பெல்லெட்டை இப்படிப் போட்டு அடிக்கிறீங்க, நான் ஒரு வார்த்தை அதுக்காகப் பேசணும். மணிக்கு இருபது சாம்பிள் வர்ற இடத்துல ஒவ்வொண்ணையும் உருக்கி பீட், அதாவது கண்ணாடி வில்லை, ஊத்திட்டு இருக்க முடியாது. பெல்லெட்னா அரைச்சு, அழுத்தி, அஞ்சு நிமிஷத்துல நம்பர். ஒரே சுரங்கம், ஒரே முகப்பு, ஒரே வகைத் தாதுன்னா பெல்லெட் நல்லாவே வேலை செய்யும், நான் வருஷக்கணக்கா பார்த்திருக்கேன். குறை முறையில இல்லை, ஹேமடைட் ஸ்டாண்டர்டை வச்சு கோதைட்டை அளந்ததுலதான் குறை.

#9 கதிர்க்கோணம்

நீங்க சொல்றதை முழுசா ஒத்துக்கறேன். பெல்லெட்டுக்கு ஸ்டாண்டர்டு வாங்கின பாட்டில்ல இருந்து வரக்கூடாது, உங்க சொந்தத் தாதுல இருந்து வரணும். அதே முகப்புல இருந்து பத்துப் பதினைஞ்சு சாம்பிள் எடுத்து, பீட் முறையிலயும் ஈரமுறையிலயும் (அமிலத்துல கரைச்சுப் பார்க்கிறது) நம்பரை உறுதி பண்ணி, அதையே பெல்லெட் காலிப்ரேஷனுக்கு வச்சா பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துடும். சுரங்கம் அடுத்த அடுக்குக்கு நகர்ந்தா மறுபடி பண்ணணும், இதைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க.

ஆனா சரக்கு கைமாறுற சாம்பிளுக்கு பெல்லெட் வேண்டாம், அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதுக்கு ஐஎஸ்ஓ 9516 சொல்ற மாதிரி உருக்கி பீட்தான்.

#10 புதுகெமிஸ்ட்

எங்ககிட்ட ஃப்யூஷன் மெஷின் ஒண்ணு மூலையில மூடிக் கிடக்கு, யாரும் தொடறதில்லை. பிளாட்டினம் கிண்ணம் லாக்கர்ல இருக்கு. நான் ஆரம்பிக்கலாமா? என்னென்ன கவனிக்கணும்?

#11 கதிர்க்கோணம்

தாராளமா ஆரம்பிங்க. லித்தியம் டெட்ராபோரேட்டும் மெட்டாபோரேட்டும் கலந்த ஃப்ளக்ஸ், ஒரு பங்கு தாதுக்கு சுமார் பத்துப் பங்கு. 1050 டிகிரி பக்கத்துல உருக்கினா தாது மொத்தமும் கரைஞ்சு கண்ணாடி ஆயிடும். ஹேமடைட், கோதைட், களிமண், அபடைட் எதுவும் அதுக்கப்புறம் கிடையாது, எல்லாம் ஒரே கண்ணாடிக்குள்ள தனித்தனி அணுவா கரைஞ்சு நிக்கும். துகள் பிரச்சினையும் கனிமப் பிரச்சினையும் ஒரே அடியில போயிடும்.

எடை போடறதுதான் இதுல உயிர். கோதைட் பொடி காத்துல இருக்கிற ஈரத்தை நீங்க பார்த்துட்டு இருக்கும்போதே உறிஞ்சும். 105 டிகிரில காயவச்சு, டெசிகேட்டர்ல ஆறவச்சு, மூடிபோட்ட பாட்டில்ல இருந்து சட்டுன்னு எடை போடணும். பேலன்ஸ்ல கடைசி இலக்கம் மெதுவா ஏறிட்டே இருந்தா அது தண்ணி குடிக்குதுன்னு அர்த்தம், அந்த எடையை எடுக்காதீங்க. ஒரு சதவீதம் ஈரம் ஏறினா 62 இரும்பு 61.4 ஆயிடும், அப்புறம் மெஷினைப் போய்த் திட்டிட்டு இருப்போம். எரிப்பிழப்பையும் அதே நேரத்துல காயவச்ச அதே பொடியிலதான் எடுக்கணும், 1000 டிகிரில.

இன்னொண்ணு, தாதுல பைரைட் மாதிரி சல்ஃபைடு இருந்தா நேரா உருக்காதீங்க. நான் சேர்ந்த முதல் வருஷம், சல்ஃபைடு இருக்கிற சாம்பிள்னு சொல்லாம ஒரு பை வந்துச்சு, நானும் கேக்கலை. உருக்கி ஊத்தினதுக்கு அப்புறம் கிண்ணத்து அடியில சாம்பல் நிறத்துல ஒரு தழும்பு, விரல் நகத்தால தடவினா சொரசொரன்னு தட்டுப்பட்டுச்சு. அடுத்த ரெண்டு உருக்கல்ல அந்த இடத்துல இருந்தே கீறல் ஓடி கிண்ணம் போயிடுச்சு. ஆக்சிஜன் கிடைக்காத சல்ஃபைடு பிளாட்டினத்தோட சேர்ந்துக்கும். அதனால நைட்ரேட் கொஞ்சம் கலந்து, முதல்ல 700 டிகிரி பக்கத்துல பத்து நிமிஷம் வச்சு ஆக்சைடு ஆக்கிட்டு அப்புறம் சூட்டை ஏத்தணும். அப்படிப் பண்ணினா கந்தகமும் சல்ஃபேட்டா உள்ளேயே நிக்கும், இல்லைன்னா புகையா போயிட்டு ரிப்போர்ட்ல கந்தகம் இல்லாத நல்ல தாதுன்னு வரும். கந்தகம் முக்கியம்னா தனியா ஆக்சிஜன்ல எரிச்சு இன்ஃப்ராரெட்ல பார்க்கிறதுதான் எனக்குத் திருப்தி.

#12 காந்தக்கல்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க தாது மேக்னடைட், காந்தம் இழுக்கிற இரும்பு ஆக்சைடு. எரிப்பிழப்பு மைனஸ் 2.1ன்னு வருது. மேலதிகாரி நெகட்டிவ் எல்லாம் எழுதாதே, ஜீரோன்னு போடுன்னு சொல்றார். என்ன பண்றது?

#13 பழையபியூரெட்

மைனஸ்னே எழுதுங்க, ஜீரோ போட்டா அது பொய். மேக்னடைட்ல இருக்கிற இரும்புல ஒரு பங்கு இன்னும் ஃபெரஸா, அதாவது ஆக்சிஜன் குறைஞ்ச வடிவமா இருக்கு, சூட்டுல அது காத்துல இருக்கிற ஆக்சிஜனை எடுத்து ஃபெரிக் ஆகுது, எடை ஏறுது. சுத்தமான மேக்னடைட் 3.46 சதவீதம் ஏறும். உங்களுக்கு 2.1 ஏறியிருக்குன்னா அது தாதுவோட குணம். எக்ஸ்ஆர்எஃப் எல்லா இரும்பையும் ஃபெரிக் ஆக்சைடுன்னுதான் கணக்கு பண்ணும், அதனால அந்த மைனஸைச் சேர்த்தாத்தான் டோட்டல் நூறுக்கு வரும், ஜீரோ போட்டா 102 வரும். மேலதிகாரிகிட்ட அந்தக் கூட்டலையே காட்டுங்க, ஏத்துக்குவார். ஃபெரஸ் எவ்வளவுன்னு தனியா டைட்ரேஷன் பண்ணி, ஃபெரஸ் ஆக்சைடை 0.111ஆல பெருக்கினா எவ்வளவு ஏறணும்னு தெரிஞ்சுடும். அதுக்கும் அளந்ததுக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணியும் கார்பனேட்டும்.

இப்போ புதுகெமிஸ்ட் தம்பிக்கு. எல்லாரும் வெளி லேப் ஈரமுறையில பண்ணியிருப்பாங்க, அது சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டு இருக்கீங்க. ஈரமுறை செய்யற கையைப் பொறுத்தது, இதை முப்பது வருஷம் அதே வேலையைச் செஞ்ச நான் சொல்றேன்.

பாஸ்பரஸை மாலிப்டினம் நீலமா மாத்தி, அந்த நீலத்தோட அடர்த்தியை வச்சுத்தான் பார்க்கிறோம். தாதுவை ஹைட்ரோகுளோரிக்ல கரைக்கிறப்போ அடியில வெள்ளையா ஒரு கசடு நிக்கும், வெறும் சிலிக்காதானேன்னு பல பேர் வடிகட்டிக் கீழே போட்டுடுவாங்க. தாதுல டைட்டானியம் இருந்தா அது பாஸ்பேட்டைக் கட்டிப்பிடிச்சுட்டு அந்தக் கசட்டுலயே உட்கார்ந்திருக்கும். அந்தக் கசட்டை எரிச்சு, ஹைட்ரோஃப்ளோரிக் போட்டு சிலிக்காவை விரட்டி, மிச்சத்தைக் கார்பனேட்டோட உருக்கி, பாஸ்பரஸை எடுத்து முதல் கரைசலோட சேர்க்கணும். சேர்க்கலைன்னா குறைவா வரும்.

கூடுதலா வர்றதுக்கும் வழி இருக்கு. ஒரு சமயம் ஒரு தாதுல பாஸ்பரஸ் 0.14ன்னு வந்துச்சு எனக்கு. கரைசல் ஊத்தின குவெட்டைக் கையில எடுத்துப் பார்த்தா மயில் கழுத்து நிறம், அவ்வளவு அடர்த்தி அந்தத் தாதுல நான் பார்த்ததே இல்லை. அதே பகுதியில இருந்து வந்த மத்த சாம்பிள் எல்லாம் 0.05, 0.06தான். ராத்திரி உட்கார்ந்து யோசிச்சா ஆர்சனிக் ஞாபகம் வந்துச்சு. ஆர்சனிக்கும் மாலிப்டேட்டோட சேர்ந்து அதே நீலத்தைத்தான் குடுக்கும், கண்ணுக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது. அடுத்த நாள் ஹைட்ரோபுரோமிக் அமிலம் விட்டு புகையறவரைக்கும் காய்ச்சி, ஆர்சனிக்கைப் புரோமைடா விரட்டிட்டு மறுபடி பார்த்தேன், 0.057. புகைக்கூண்டுக்குள்ளதான் செய்யணும், கண்ணாடியை இறக்கி வச்சுட்டு. அன்னைக்கு அந்த 0.14ஐ அப்படியே அனுப்பியிருந்தா ஒரு நல்ல தாதுவை வேண்டாம்னு ஒதுக்கியிருப்பாங்க, ஆர்சனிக் இருக்கிற விஷயமும் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

#14 வேகமுக்கியம்

ஐசிபில (கரைசலைப் பிளாஸ்மாவுல விட்டு, வர்ற ஒளியைப் பார்க்கிற மெஷின்) போட்டா இந்த நீலத் தொல்லையே இல்லையே சார்?

#15 பழையபியூரெட்

நீலத் தொல்லை இல்லை, கோட்டுத் தொல்லை உண்டு. பாஸ்பரஸோட 213.6 நானோமீட்டர் கோட்டுக்குப் பக்கத்துலயே தாமிரத்தோட கோடு ஒண்ணு ஒட்டிட்டு நிக்குது. தாமிரம் இருக்கிற தாதுன்னா 178.2 பக்கம் போகணும், அதுக்கு ஒளி போற பாதையில காத்தே இருக்கக்கூடாது. அதோட ஐசிபிக்கும் தாதுவைக் கரைச்சுத்தானே ஆகணும், கசட்டைக் கீழே போட்டா அங்கேயும் அதே இழப்புதான்.

#16 புதுகெமிஸ்ட்

இரும்பையும் நானே டைட்ரேட் பண்ணிப் பார்க்கலாம்னு இருக்கேன் சார். காலேஜ்ல மெர்குரிக் குளோரைடு போட்டுப் பண்ணினது, இப்பவும் அதேதானா?

#17 பழையபியூரெட்

பாதரசம் வேண்டாம். முறை சரியானதுதான், ஆனா அந்தக் கழிவை எங்கே கொட்டுவீங்க? டைட்டானியம் குளோரைடு முறைக்குப் போங்க, ஐஎஸ்ஓ 2597ல ரெண்டாவது பகுதி. 0.4 கிராம் எடுங்க. கரைசல் சூடா, நல்ல மஞ்சளா இருக்கும், ஸ்டானஸ் குளோரைடைச் சொட்டுச் சொட்டா விட்டுட்டே வாங்க, மஞ்சள் வெளிறும், ஆனா முழுசா போக விடாதீங்க, வைக்கோல் நிறத்துல நிறுத்தணும். மிச்சத்தை டைட்டானியம் குளோரைடு பார்த்துக்கும், இண்டிகோ கார்மைன் நீலம் மறையறது அடையாளம். கூடிப்போன துளியை டைக்ரோமேட் ஒரு சொட்டு விட்டுச் சரி பண்ணி, ஆறவச்சு, பாஸ்பாரிக் கலந்த அமிலம் ஊத்தி, இண்டிகேட்டர் விட்டு, 0.1 நார்மல் டைக்ரோமேட்ல இறங்குங்க. பச்சை மெல்ல நீலப் பச்சையாகி ஒரே சொட்டுல ஊதாவா திரும்பும், அந்த ஒரு சொட்டுக்காகக் காத்திருக்கணும். 62.0 இரும்புன்னா 44.4 மில்லி வரும். ஒரு சொட்டு 0.05 மில்லின்னா அது 0.07 சதவீதம் இரும்பு, அதனால கடைசியில அரைச் சொட்டா கண்ணாடிச் சுவர்ல தொட்டுக் கழுவி இறக்குங்க. தாதுல வனேடியம் இருந்தா அதுவும் இரும்போட சேர்ந்து கணக்குல வந்துடும், அதைத் தனியா பார்த்துக் கழிக்கணும்.

#18 செம்பாறை

எல்லாரும் பாட்டிலுக்கு உள்ளே நடக்கிறதைப் பேசறீங்க. பாட்டிலுக்கு வெளிய நடக்கிறதையும் ஒரு தடவை சொல்லிடறேன், இது எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம். குவியல் மேல ஏறி மம்பட்டில ஒரு அள்ளு அள்ளிப் பையில போட்டு இதுதான் சாம்பிள்னு குடுத்ததை நான் என் கண்ணால பார்த்திருக்கேன். கொட்டுறப்போ பெரிய கட்டி உருண்டு அடிவாரத்துக்குப் போயிடும், பொடி நடுவுலேயும் உச்சியிலேயும் நிக்கும். களிமண்ணும் கோதைட்டும் பொடியாகிற ஜாதி, அதனால அலுமினாவும் பாஸ்பரஸும் பொடியிலதான் சேரும். உச்சியில அள்ளினா ஒரு தாது, அடியில அள்ளினா வேற தாது. பியர் ஜீன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வாழ்நாள் முழுக்க இதையேதான் வேலை செஞ்சார். சாம்பிள் எடுக்கிறதுல தவிர்க்கவே முடியாத பிழையோட இருமடி (வேரியன்ஸ்) துகளோட விட்டத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி ஏறும்னு கணக்குப் போட்டுக் காட்டினார். துகள் ரெண்டு மடங்கு பெருசுன்னா அதே நம்பகத்துக்கு எட்டு மடங்கு எடை அள்ளணும். ஓடற பெல்ட்ல முழு அகலத்துக்கும் குறுக்கே வெட்டி, சம இடைவெளில பல தடவை எடுத்துச் சேர்த்து, நொறுக்கி, அப்புறம்தான் பங்கு பிரிக்கணும், நொறுக்காம பிரிக்கக்கூடாது.

புதுகெமிஸ்ட் விஷயத்துல ஒரே பாட்டிலைப் பிரிச்சதால இந்தப் பிழை உள்ளே வரலை, அது நல்லதாப் போச்சு.

#19 கதிர்க்கோணம்

அரைக்கிற பாத்திரத்தையும் சேர்த்துக்கோங்க. டங்ஸ்டன் கார்பைடு பாத்திரத்துல அரைச்சா டங்ஸ்டனும் கோபால்ட்டும் கலக்கும், குரோம் ஸ்டீல்னா குரோமியமும் இரும்பும், அகேட்னா சிலிக்கா. எதைத் தேடறோமோ அது இல்லாத பாத்திரமா எடுக்கணும்.

#20 புதுகெமிஸ்ட்

பத்து நாள் ஆயிடுச்சு, எல்லாருக்கும் தகவல் சொல்லாம இருக்க மனசு வரலை.

முதல் நாலு பீட் உடைஞ்சுது, ஆறவிடறதுல அவசரப்பட்டேன். அஞ்சாவது தெளிவா, குமிழி இல்லாம, அடர்ந்த தேன் மாதிரி வந்துச்சு, வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சா கரையாத ஒரு புள்ளிகூட இல்லை. அந்தச் சாம்பிளைத் தனித்தனியா எடை போட்டு மூணு பீட் பண்ணினேன். பாஸ்பரஸ் 0.079, 0.081, 0.080. அலுமினா 2.2, சிலிக்கா 3.9. டைட்ரேஷன்ல இரும்பு 61.9, 62.0. டோட்டல் 99.9. பழையபியூரெட் சார் சொன்ன மாதிரி கசட்டை உருக்கிச் சேர்த்து நீலத்துலயும் பார்த்தேன், 0.078. கசட்டைச் சேர்க்காம ஒரு தடவை வேணும்னே பார்த்தேன், 0.074தான் வந்துச்சு.

அதுக்கப்புறம் மனசு கேக்காம ரேக்ல இருந்த பழைய சாம்பிள் ஆறு எடுத்துப் பீட் போட்டேன். நாலு செங்கல் நிறம், அதுல பெல்லெட்டும் பீட்டும் ஒத்துப்போகுது. ரெண்டு மஞ்சள், ரெண்டுலயும் பெல்லெட் பாஸ்பரஸ் குறைவு, அலுமினா அதிகம். ரெண்டு ரிப்போர்ட்டும் போன மாசமே போயிடுச்சு. இன்னைக்குக் காலைல மேனேஜர்கிட்ட ரெண்டு டோட்டலையும் பக்கத்துப் பக்கத்துல எழுதிக் காட்டினேன். திருத்தின ரிப்போர்ட் அனுப்பச் சொல்லிட்டார். ஃபார்ம்ல டோட்டல் கட்டமும் எரிப்பிழப்புக் கட்டமும் பக்கத்துப் பக்கத்துல வருது இனிமே.

கதிர்க்கோணம் அண்ணா, ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கு. பெல்லெட்டை முழுசா விட முடியாது, எந்தச் சாம்பிளைப் பீட்டுக்கு அனுப்பணும்னு எப்படி முடிவு பண்றது?

#21 கதிர்க்கோணம்

எரிப்பிழப்பை முதல்ல எடுங்க. உங்க ஸ்டாண்டர்டு 1.5 வரைதானே போகுது, அதைத் தாண்டினதெல்லாம் பீட்டுக்கு. தாண்டாததுலயும் டோட்டல் 99.5க்குக் கீழேயோ 100.5க்கு மேலயோ நின்னா அதுவும் பீட்டுக்கு. மஞ்சள் சாம்பிள் பதினைஞ்சு சேர்ந்ததும் அதை வச்சே தனி பெல்லெட் காலிப்ரேஷன் போட்டுடலாம், போடறப்போ நம்பரை இங்கே போடுங்க, கோடு எப்படி விழுதுன்னு சேர்ந்து பார்ப்போம்.

#22 பழையபியூரெட்

அந்த 0.074ஐயும் நோட்டுல எழுதி வைங்க தம்பி, தேதியோட.